வரம்பு தாண்டும் எண்ணெய்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் களைநாசினி, பூச்சிநாசினி என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. எண்ணெய் என்றுதான் சொல்வோம். புல்லுக்கு அடிப்பது புல்லெண்ணெய், பூச்சிக்கு அடிப்பது பூச்சியெண்ணெய். வாசலில் யாராவது வந்து "அப்பா எங்க புள்ள?" என்று கேட்டால், "வட்டைக்கு எண்ணெய் அடிக்கப் போயிட்டார்" என்பேன். வட்டை என்பது எங்கள் வயல்வெளி. தலையில் தேய்ப்பதும் எண்ணெய், கோயில் விளக்குக்கு விடுவதும் எண்ணெய், கறி தாளிப்பதும் எண்ணெய். அதே சொல்லைத்தான் அந்தப் போத்தலுக்கும் வைத்திருந்தோம். அதற்குள் இருப்பது நஞ்சு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. சொன்னவர் ஆஸ்பத்திரி வாட்டில் நின்ற ஒரு டொக்டர்.

அது 2003 சிறுபோகம், கோடைக்கால நெற்செய்கை. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். பல வருடங்களுக்குப் பிறகு பயமில்லாமல் செய்த வெள்ளாமை என்பதால் அப்பா அதன்மேல் உயிராக இருந்தார். பயிர் குடலைப் பருவத்துக்கு, கதிர் தண்டுக்குள் திரளும் கட்டத்துக்கு, வந்த நேரம், அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டது என்று வட்டை முழுக்க ஒரே பேச்சு. கச்சான் காற்று எழும்புவதற்கு முன் அடித்து முடிக்க வேண்டும் என்று அப்பா விடியவே போனார். இரண்டாவது டாங்கியோடு காற்று எழும்பிவிட்டது. கலக்கிய எண்ணெயைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. காற்றுக்கு எதிரே நடந்துகொண்டே மிச்சத்தையும் அடித்து முடித்திருக்கிறார்.

பத்து மணிபோல வீட்டுக்கு வந்தார். தலை இடிக்கிறது, வெயில் பட்டது என்றார். அம்மா தேசிக்காய் கரைத்துக் கொடுத்தார். குடித்ததும் வாந்தி. பிறகு வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடியத் தொடங்கியது. வியர்வை என்றால் அப்படி ஒரு வியர்வை, திண்ணைச் சீமெந்தில் அவர் முதுகின் அச்சு அப்படியே விழுந்திருந்தது. சாரனுக்குக் கீழே கெண்டைக்கால் தசை, தோலுக்குள் புழு ஓடுவது போலத் துடித்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். அம்மா அவர் நாடியைப் பிடித்துத் தூக்கினார். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. நடுப்பகல் வெளிச்சத்தில், "விளக்கக் கொண்டாகா, ஒண்டும் தெரியுதில்ல" என்றார் அப்பா.

மாமாவின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி மண்முனைத் துறைக்குக் கொண்டுபோனோம். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. அது 2014 இல்தான் திறந்தது. ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவை அக்கரையில் நின்றது. அது வந்து சேரும் வரை துறையடியில் அப்பாவை அம்மாவின் மடியில் படுக்க வைத்திருந்தோம். குளிர்கிறது என்று அவர் சொன்னதால் அம்மா ஒரு போர்வையால் அவரை இறுக்கச் சுற்றியிருந்தார். உள்ளே அதே சாரன், எண்ணெயில் நனைந்த அதே சேர்ட்.

ஆஸ்பத்திரியில் முதலில் நடந்தது, ஒரு நேர்ஸ் கத்தரிக்கோல் எடுத்து அந்தச் சாரனை வெட்டி எடுத்ததுதான். சவர்க்காரம் போட்டு உடம்பு முழுக்கக் கழுவினார்கள். டொக்டர் அம்மாவிடம் கேட்டார்: "எந்த எண்ணெய்? போத்தலக் கொண்டு வந்தீங்களா?" கொண்டுவரவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. நனைந்த உடுப்போடு எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்று அடுத்துக் கேட்டார். அம்மா விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார். டொக்டர் ஏசவில்லை. "அம்மா, இது எண்ணெய் இல்ல. நஞ்சு. குடிச்சாத்தான் எண்டில்ல, தோலாலயும் உள்ள போகும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்றிரவு ஊசி ஊசியாக அற்றோப்பீன் ஏற்றினார்கள். எச்சில் நின்றது, நெஞ்சில் இரைந்த சத்தம் அடங்கியது, சுருங்கிய கண்மணி விரிந்தது. ஆனால் புத்தி பேதலித்துவிட்டது. அது அந்த மருந்தின் வேலை என்று பின்னால் அறிந்தேன். இல்லாத எதையோ காற்றில் பிடித்துப் பிடித்துக் கயிறு திரித்தார். என்னை யாரென்று தெரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வக்கடையக் கட்டு மனே, தண்ணியெல்லாம் போகுது, வக்கடையக் கட்டு" என்று விடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நரம்புத் தொகுதி என்ற பாடம் வரும்போதெல்லாம் அப்பாவின் அந்த வார்த்தைதான் எனக்கு முதலில் வாயில் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக விளங்கும் உதாரணம் வேறு இல்லை. நரம்பின் முனையிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுபோவது அசற்றைல்கோலின் என்ற சிறிய மூலக்கூறு. வக்கடையை, அதாவது வரம்பில் வெட்டிய தண்ணீர் வாயை, திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது போல அது. தண்ணீர் அளவாகப் பாய்ந்ததும் ஒரு மண்கட்டியை வைத்து வக்கடையைக் கட்டுகிறோம் அல்லவா, அந்த வேலையைச் செய்ய உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. அசற்றைல்கோலினெஸ்தரேஸ். செய்தி போய்ச் சேர்ந்ததும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அந்த மூலக்கூறை உடைத்துவிடும். ஓர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சியெண்ணெய்கள் செய்வதெல்லாம் அந்த நொதியத்தில் போய் ஒட்டிக்கொள்வதுதான். பிறகு வக்கடையைக் கட்ட ஆளில்லை. கண்ணீர், எச்சில், வியர்வை, வயிற்றோட்டம், நெஞ்சில் சளி எல்லாம் ஒன்றாக உடைத்துக்கொண்டு பாயும். தசை ஓயாமல் துடித்துத் துடித்துக் கடைசியில் சோர்ந்து நின்றுவிடும். மூச்சை இழுக்கும் தசையும் தசைதான். பலர் இறப்பது அதனால்தான்.

அறக்கொட்டியின் நரம்பில் இருப்பது இதே ஏற்பாடு. கொக்குக்கும் விராலுக்கும் தவளைக்கும் அப்பாவுக்கும் அதே. பூச்சியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் கண் அந்த எண்ணெய்க்குக் கிடையாது. பூச்சி செத்து நாம் பிழைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்பின் பருமனும் உள்ளே போன அளவும்தான். சில எண்ணெய்களை நம் ஈரல் கொஞ்சம் விரைவாக உடைத்துவிடும், அது ஒரு சிறு சலுகை. அவ்வளவுதான் இடைவெளி.

அந்த அளவு எப்படி உள்ளே போகிறது என்பதில்தான் எங்கள் வட்டையின் கதை முழுக்க இருக்கிறது. அப்பா எண்ணெய் அடிக்கும் காட்சி இன்றும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. 16 லீற்றர் நீல டாங்கி. மூடியின் றப்பர் வளையம் எப்போதோ போய்விட்டதால் ஒரு பொலித்தீன் துண்டைச் சுற்றி மூடியை இறுக்கியிருப்பார். குனிந்து நிமிரும்போதெல்லாம் அதிலிருந்து கசிந்து முதுகு வழியாக இறங்கி, மடித்துக் கட்டிய சாரனின் இடுப்பு மடிப்பில் ஊறும். அளவு பார்ப்பது போத்தல் மூடியால். "ரெண்டு மூடி" என்று கடையில் சொல்லிவிட்டார்கள் என்றால் இவர் மூன்றாக ஊற்றுவார், பிடிக்கட்டும் என்று. நொசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊதிவிட்டுத் துப்புவார், பிறகு வெற்றிலை போடுவார். தோல் ஒரு வேலி என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் உடம்பின் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. பரதயன் என்ற எண்ணெயை மனிதத் தோலில் வைத்துப் பார்த்த பழைய ஆய்வொன்றில், முன்னங்கையைவிட விதைப்பையின் தோல் பன்னிரண்டு மடங்களவு உறிஞ்சியது. கையுறை போடு, முகத்தைக் கட்டு என்று சுவரொட்டி அடிக்கிறார்கள், நல்லது. ஆனால் கசியும் டாங்கியும் நனைந்த சாரனும் கையையும் முகத்தையும்விட மோசமான வழி என்பதை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. ஒரு றப்பர் வளையத்தின் விலை என்ன? கேட்கும்போதே எனக்கு நெஞ்சு எரிகிறது.

இன்னொரு வழி உடுப்புக் கழுவும் பேசின். அப்பாவின் வயல் உடுப்பும் எங்கள் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பும் ஒரே பேசினில் ஊறிய காலம் அது. கும்பிக் கழுவியது அம்மா, வெறுங்கையால். எண்ணெய் அடித்த நாட்களில் அம்மாவுக்குத் தலையிடிக்கும், கைவிரல் மதமதக்கும், கண் மங்கும். வயல் வேலை அலுப்பு என்று ஒரு பனடோலோடு முடித்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்களின் தீராத தலையிடி அந்தப் பேசினுக்குள் இருந்து வந்ததோ! ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒருநாள் அம்மா கேட்டார், "தம்பி வயித்துக்குள்ள இருக்கக்குள்ளயும் நான்தானே கழுவினது?" அந்தக் கேள்வியை அவர் இன்னும் விடவில்லை. தம்பி நன்றாக இருக்கிறான், படித்து வேலையும் பார்க்கிறான். ஆனால் அம்மா கேட்டது வீண் கேள்வி அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் தோட்டத் தொழிலாளத் தாய்மாரைக் கர்ப்ப காலத்திலிருந்தே தொடர்ந்து பார்த்த ஆய்வில், தாயின் உடம்பில் ஓர்கனோபொஸ்பேற்றின் தடயம் கூடக்கூடப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளிகள் குறைந்திருந்தன. ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது. ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் சேதம் அது. அப்படிப்பட்ட சேதத்துக்கு யாரும் பாதை பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை.

என் பெத்தாவுக்கு, பாட்டிக்கு, இந்தக் கதைகள் பிடிக்காது. "அந்தக் காலத்தில வீட்டுக்குள்ளயே வந்து செவருக்கெல்லாம் அடிச்சிட்டுப் போனான், நாங்க சாகல்ல" என்பார். அவர் சொல்வது டிடிடி. மலேரியாவுக்காக 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். பெத்தா சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கமாட்டேன். இலட்சக்கணக்கில் இருந்த மலேரியா 1963 இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 பேராகக் குறைந்தது. எத்தனை உயிர்! ஆனால் அடிப்பதை நிறுத்திச் சில வருடங்களில் மலேரியா 5 இலட்சத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. மறுபடி அடிக்கப் போனால் நுளம்பு டிடிடியைத் தாங்கப் பழகிவிட்டிருந்தது, மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது. டிடிடி கொழுப்பில் கரைந்து அங்கேயே வருடக்கணக்கில் தங்கும். புழுவைத் தின்ற மீன், மீனைத் தின்ற பறவை என்று ஒவ்வொரு வாயிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். மீன் தின்னும் கழுகுகளின் முட்டைக் கோது மெலிந்து, அடை காக்கும் தாயின் பாரத்துக்கே உடைந்தது. மனிதரில் அது தாய்ப்பாலில் இறங்கியது. நாங்கள் சாகவில்லை என்பது சரிதான் பெத்தா, ஆனால் அது உங்களோடு நின்றுவிடவும் இல்லை.

அறக்கொட்டி விழுந்துவிட்டது என்றேனே, அது எப்படி விழுகிறது என்று படித்த நாளில் எனக்கு அப்பாவின்மேல் இருந்த இரக்கம் இன்னும் கூடியது. பயிரின் அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும் சிறிய கபிலநிறத் தத்தி அது. பெருகினால் வயல் வட்ட வட்டமாக நெருப்பு வைத்ததுபோலக் கருகிக் கிடக்கும். ஆனால் அது எப்போதும் வயலில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சிலந்திகள் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கும் வரை. பயிர் சின்னதாக இருக்கும்போது இலை கொஞ்சம் சுருண்டுவிட்டது என்று பயந்து நாம் ஒரு அடி அடிக்கிறோம். சிலந்தி சாகிறது. அறக்கொட்டியின் முட்டையைத் தேடிக் குடிக்கும் சிறு நாவாய்ப்பூச்சி சாகிறது. முட்டையோ இலையுறையின் சதைக்குள் பத்திரமாக இருக்கிறது. பொரித்து வெளியே வரும்போது காவல்காரர் ஒருவரும் இல்லாத வயல் அதற்குக் கிடைக்கிறது. ஆக, அப்பா குடலைப் பருவத்தில் அடித்த எண்ணெய்க்குத் தேவையை உண்டாக்கியதே அவர் பயிரின் இருபதாம் நாளில் அடித்த எண்ணெய்தான். இந்தோனேசியாவில் 1986 இல் இதைக் கண்டுகொண்டார்கள். நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சியெண்ணெய்களை ஜனாதிபதி ஆணையால் ஒரேயடியாகத் தடுத்தார்கள், விளைச்சல் விழவில்லை. வியட்நாமின் மேகொங் பக்கம் 1994 இலிருந்து, விதைத்து முதல் 40 நாளைக்குப் பூச்சியெண்ணெய் அடிக்காதீர்கள் என்று வானொலியிலும் சுவரொட்டியிலும் சொன்னார்கள். சின்னப் பயிர் இழந்த இலையைத் தானே ஈடுசெய்துவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. அடிப்பது பாதிக்குமேல் குறைந்தது.

எங்கள் வட்டையில் இதற்கு நேர்மாறாக ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு நாள் கூலி மிச்சம் என்று புல்லெண்ணெயையும் பூச்சியெண்ணெயையும் ஒரே டாங்கியில் கலந்து அடிப்பது. 3,4 டிபிஏ என்று ஒரு புல்லெண்ணெய், பெயர் புரொப்பனில். நெற்சப்பி என்ற களைப்புல்லைக் கொன்றுவிட்டு நெல்லை விட்டுவிடும். ஏன் விடுகிறது? நெல்லின் இலையில் அதை உடைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது, நெற்சப்பியில் அது போதிய அளவு இல்லை. ஓர்கனோபொஸ்பேற்றைக் கூடக் கலந்தால் அது நெல்லின் அந்த நொதியத்தையும் கட்டிப்போட்டுவிடும். ஒருமுறை எங்களுக்கு மேற்கே உள்ள வயல்கண்டத்துக்காரர் அப்படிக் கலந்து அடித்து, மூன்றாம் நாள் நெல்லும் புல்லும் சேர்ந்து கருகியது. எண்ணெயில் கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். கலக்காதீர்கள் என்று போத்தலில் எழுதியிருந்திருக்கும். நுளம்பு கால் அளவு எழுத்தில் எழுதியதை வெயிலில் நின்று, கை நனைந்த ஒருவர் வாசிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தப் புரொப்பனிலை மனித ஈரலும் உடைக்கும். உடைந்து வருவது இரத்தத்தின் செந்நிறத்தைக் கெடுத்து ஒட்சிசனைக் காவவிடாமல் செய்யும். உதடு நீலமாகும். நெல்லைக் காப்பாற்றும் அதே உடைப்பு, மனிதனுக்கு நஞ்சைத் தயாரித்துக் கொடுக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வரம்பு நிலத்துக்குத்தான். வக்கடையால் வடிந்த தண்ணீர் வடிச்சலில் விழுந்து, தோணாவில் சேர்ந்து, கடைசியில் வாவிக்கு வருகிறது. வாவி 56 கிலோமீற்றர் நீளம், அம்பாறை மாவட்டத்துக்குள்ளும் நீண்டு கிடக்கிறது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்திலிருந்து இறங்கி அம்பாறை வயல்களுக்குப் பாய்ந்த தண்ணீரின் வடிச்சலிலும் ஒரு பங்கு இங்கேதான் வருகிறது. கடலுக்கு இரண்டே வாய், பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும். கோடையில் மணல் மூடிவிட்டால் வந்ததெல்லாம் உள்ளேயே நிற்கும். யூரியாவும் பொசுபரசும் சேர்ந்த தண்ணீரில் பாசியும் ஆற்றுவாழையும் கொழுக்கும். பகலில் ஒட்சிசன் தரும் அதே பாசி இரவில் அதை இழுக்கும், செத்து அழுகும்போது இன்னும் இழுக்கும். அதனால்தான் மீன் மிதப்பது எப்போதும் விடியப்புறத்தில். பூச்சியெண்ணெய் வேறு. சிறிய அளவு மீனைக் கொல்லாது, மந்தமாக்கும். கொக்கின் நிழல் விழுந்தால் பட்டென்று திரும்பும் மீன் அரைக்கணம் தாமதித்துத் திரும்பும். அந்த அரைக்கணம் எந்த ஆய்வுகூட அறிக்கையிலும் சாவாகப் பதியப்படுவதில்லை. நான் சின்னவளாக இருக்கும்போது வக்கடையில் கரப்பு என்ற மீன்பொறி வைத்தால் இரவுக் கறிக்குச் சுங்கானும் பனையேறியும் விழும். இப்போது வக்கடை மீனைப் பார்த்து எத்தனை வருடம்!

இதையெல்லாம் எழுதுவதால் எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் எண்ணெயையும் ஒரே வர்த்தமானியில் தடுத்தார்கள். நவம்பருக்குள் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் மஞ்சளித்து நின்ற பயிரையும், எங்கிருந்தோ பெயரில்லாத போத்தல்களில் வந்த எண்ணெயையும் நான் கண்ணால் பார்த்தேன். நஞ்சு குறையவில்லை, லேபல்தான் போனது. அந்த ஆறு மாதம் நல்ல நோக்கத்துக்குச் செய்த கெடுதல் பெரிது. இன்றைக்கு நஞ்சைப் பற்றிப் பேச வாய் திறந்தாலே "அந்தக் காலத்தக் கொண்டுவரப் போறீங்களா ரீச்சர்?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் இதே நாடு இதைச் சரியாகச் செய்தும் காட்டியிருக்கிறது, அதை நாங்கள் பேசுவதே இல்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் ஆகக் கொடிய எண்ணெய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 1984 இல் பரதயன், 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998 இல் எண்டோசல்பான், 2008 இலிருந்து 2011 வரை பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியன். 1990களின் நடுவில் உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்று இலங்கை, வருடத்துக்கு இலட்சத்தில் 47 பேரளவில். இருபது வருடத்தில் அது பத்தில் ஏழு பங்கு குறைந்தது. மனிதருடைய துயரம் ஏழு பங்கு குறைந்துவிடவில்லை. ஒரு சண்டையின், ஒரு அவமானத்தின் கொதிப்பில் கைக்கு எட்டியது பழைய அளவுக்குக் கொல்லக்கூடியதாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பிழைத்தவர்களில் மிகப் பலர் மறுகா அந்தப் பக்கம் போகவே இல்லை. நெல் விளைச்சலும் இந்தத் தடைகளால் விழவில்லை. எங்கள் கிராமத்தில் அந்தப் பழைய காலத்தில் போனவர்களின் பெயர்களை எழுதமாட்டேன். இரண்டு பேர் என்னோடு ஒரே வகுப்பில் படித்த பெண்பிள்ளைகள். போத்தல் வீட்டு இறப்பில், கூரையின் தாழ்வாரத்தில், செருகியிருந்தது. இதை வாசிக்கும் யாருடைய வீட்டிலாவது இப்போதும் இறப்பில் செருகியிருந்தால், வாசித்து முடிக்கும் வரை காத்திருக்காமல் எழும்பிப் போய் எடுத்து ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மனம் கனத்திருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்து பேசுங்கள், டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அப்பா அன்றைக்கு அடித்தது டைமெத்தோயேட். மாமா பிறகு வயலில் இருந்து எடுத்துவந்த போத்தலில் அந்தப் பெயர் இருந்தது. அது இப்போது கடையில் இல்லை என்பது எனக்கு ஒரு நிம்மதி.

சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியப் பக்கம் அந்த நோய் பல வீடுகளில் இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டுகொள்ளப்பட்ட அதே நோய். சர்க்கரையோ பிரசரோ இல்லாத கமக்காரரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கிப் போகிறது. கிளைபொசேற்றால்தான் என்று 2015 இல் அதைத் தடுத்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் றப்பருக்கும் திரும்பக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் ஒரு காரணத்தில் நிற்கவில்லை. புளோரைட் கூடிய கடினமான கிணற்றுத் தண்ணீர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்காக வேலை, விவசாய இரசாயனம் எல்லாமே விசாரணையில் இருக்கின்றன. காரணம் நிரூபிக்கப்படும் வரை கமக்காரர் காத்திருக்கத் தேவையில்லை. நல்ல தண்ணீர், நிழலில் ஓய்வு, உடம்பில் படாத எண்ணெய் இந்த மூன்றுக்கும் தீர்ப்பு வரவேண்டியதில்லை.

அப்பாவுக்கு இப்போது 66 வயது. வட்டையை விடமாட்டார். போன வருடம் நான் மன்றாடிக் கேட்டு, எங்கள் ஆறு ஏக்கரில் ஒரு ஏக்கருக்கு முதல் 40 நாளும் பூச்சியெண்ணெய் அடிக்காமல் விட்டார். முப்பதாம் நாள் இலை சுருண்டபோது இரண்டு இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. "உன்ட படிப்பால என்ட வயல் போகப்போகுது" என்றார். நானும் நித்திரை கொள்ளவில்லை. அறுத்தபோது மற்ற ஏக்கருக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மூடைகூட இல்லை. ஒரு போகத்தை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது என்று நானே வகுப்பில் சொல்கிறவள். அப்பா வேறு மாதிரிக் கணக்குப் பார்த்தார்: எண்ணெய்க் காசு மிச்சம், கூலி மிச்சம். இந்தச் சிறுபோகம் மூன்று ஏக்கர் விட்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை விடிய அவரோடு போனேன். பனி விழுந்திருந்தது. பயிரின் நுனிக்கு நுனி சிலந்தி வலை, ஒவ்வொன்றிலும் நீர்த்துளி கோத்து, வெயில் ஏற ஏற வெள்ளி போலத் தெரிந்தது. அடிக்காத மூன்று ஏக்கரில் அது நெருக்கமாக இருந்தது, மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும். அப்பா குனிந்து ஒரு பூண்டை விலக்கி, அடித்தண்டில் இருந்த அறக்கொட்டிகளை எண்ணினார். மூன்று. பக்கத்தில் ஒரு சிலந்தி. "இருக்கட்டும்" என்றார்.

எட்டு மணிபோல மேற்கு வரம்புக்கு அங்கால டாங்கிச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கண்டத்துப் பொடியன், பதினெட்டு வயதுகூட இருக்காது, வெறும் மேலோடு அடித்துக்கொண்டு வந்தான். கச்சான் எழும்பியிருந்தது. புகார் போல ஒரு வெள்ளை, வரம்பைத் தாண்டி எங்கள் பயிருக்குமேல் வந்து படிந்தது. அப்பா கையை உயர்த்தி, "தம்பீ, காத்தப் பாரு! காத்து எங்கிட்டு அடிக்குதெண்டு பாரு!" என்று கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை. அப்பா சாரனை இறக்கி விட்டுக்கொண்டு, துவாயால் மூக்கைப் பொத்தி, வரம்பு வழியே அவனை நோக்கி நடந்தார். நான் கிறுகி நின்று அந்தச் சிலந்தி வலைகளைப் பார்த்தேன்.